கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சை

கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சை என்பது தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலைகளுக்கு இடையே அமைந்துள்ள கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் திராட்சையைக் குறிக்கும். இங்கு பெருமளவில் பயிரிடப்படுவது பன்னீர் திராட்சை என்று மக்களால் அழைக்கப்படும் மஸ்கட் ஆம்பர்க் வகையாகும். ஓடைப்பட்டி முதலிய ஊர்களில் விதையில்லாத் திராட்சையும் பயிரிடப்படுகின்றது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

உலகின் புகழ்பெற்ற திராட்சைப் பள்ளத்தாக்குகள் பலவற்றில் விளைச்சலின் பெரும்பகுதி வைன் எனப்படும் திராட்சை மதுவாக மாற்றப்படுகின்றது. பிரான்சின் ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. கம்பம் பள்ளத்தாக்கில் நிலைமை வேறு. இங்கு விளைவது பெரும்பாலும் பழமாகவே உண்ணப்படுகின்றது. இவ்வேறுபாட்டிற்கு வகை, தட்பவெப்பம், விளைச்சல் அளவு, சட்டம் ஆகிய நான்கும் காரணங்களாகும்.

பெயர்

திராட்சை என்னும் சொல் திராட்சா என்னும் வடசொல்லில் இருந்து வந்தது. கொடிமுந்திரி, முந்திரிகை என்பன இதற்குரிய பிற தமிழ்ப் பெயர்கள். இலங்கைத் தமிழர் வழக்கில் முந்திரிகை என்பது திராட்சையையே குறிக்கும். தமிழ்நாட்டில் முந்திரி என்றால் கொட்டை முந்திரியே நினைவுக்கு வரும் என்பதால் இச்சொல் குழப்பத்துக்கு இடமளிக்கின்றது.

பன்னீர் திராட்சை என்ற பெயர் பழத்தின் நறுமணத்தால் ஏற்பட்டது. மஸ்கட் குடும்பத் திராட்சைகளில் லினலூல், செரானியோல், நெரோல் போன்ற மணச் சேர்மங்கள் மிகுதியாக உள்ளன. இவற்றுள் செரானியோல் ரோசாப் பூவின் எண்ணெயிலும் காணப்படுகின்றது. ஆகவே இப்பழத்தில் பன்னீரின் மணம் வீசுவதாக மக்கள் கூறுவது வெறும் உவமை அன்று; அதற்கு வேதியியல் அடிப்படை உண்டு. ரோசாவை நினைவூட்டும் குலாபி என்ற பெயராலும் இவ்வகை தென்னிந்தியாவில் அறியப்படுகின்றது.

அமைவிடமும் நீரும்

கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கில் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலக்காய் மலைகளும், கிழக்கில் மேகமலைத் தொடரும் உள்ளன. பள்ளத்தாக்கின் தளம் கடல் மட்டத்தில் இருந்து ஏறத்தாழ 300 முதல் 400 மீட்டர் உயரத்தில் உள்ளது. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மேற்கு மலைகள் தடுத்துவிடுவதால் இது மழை மறைவுப் பகுதியாகும். மழை குறைவாகவும் பாசன நீர் உறுதியாகவும் கிடைக்கும் இடமே திராட்சைக்கு ஏற்றது. இவ்விரண்டும் இங்கு ஒருங்கே அமைந்துள்ளன.

பாசன நீர் பெரியாற்றில் இருந்து வருகின்றது. மேற்கு நோக்கி ஓடி அரபிக் கடலில் கலந்த பெரியாற்றின் நீரை, அணை கட்டிச் சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பும் பணி சான் பென்னிகுயிக் என்னும் பொறியாளரின் தலைமையில் 1887 இல் தொடங்கி 1895 இல் நிறைவுற்றது. சுரங்கத்தைக் கடந்த நீர் மலையடிவாரத்தில் லோயர் கேம்பு மின் நிலையத்தைச் சுழற்றி, கூடலூர், கம்பம், உத்தமபாளையம் வழியாகச் சென்று, தேனிக்கு அருகே வைகை ஆற்றுடன் சேர்கின்றது. பின்னர் 1959 இல் திறக்கப்பட்ட வைகை அணையில் தேக்கப்பட்டு மதுரையை நோக்கிச் செல்கின்றது. மதுரை நகரில் வைகையின் வடகரையில் உள்ள செல்லூர் முதலிய பகுதிகளைக் கடந்து ஆறு இராமநாதபுரம் சமவெளியை அடைகின்றது. எனவே கம்பத்துத் தோட்டங்களும் மதுரைச் சமவெளியின் வயல்களும் ஒரே நீரைப் பகிர்ந்து கொள்கின்றன.

கம்பம் பள்ளத்தாக்கில் இப்பாசனத்தின் கீழ் 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலம் உள்ளது. திராட்சை பெரும்பாலும் நெல் வயல்களை அடுத்துள்ள மேட்டு நிலங்களில், கிணற்று நீரைக் கொண்டு பயிரிடப்படுகின்றது. வயல்களில் நீர் நிற்கும் காலத்தில் கிணறுகளில் ஊற்று பெருகும். ஆகவே அணை நீர் நேரடியாகப் பாயாத தோட்டங்களும் அணையைச் சார்ந்தே உள்ளன. முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டத்தை 142 அடி வரை உயர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014 இல் அளித்த தீர்ப்பு திராட்சை உழவர்களுக்கும் முக்கியமானதாக இருந்தமைக்கு இதுவே காரணம்.

வரலாறு

திராட்சை மது தமிழகத்துக்குப் புதியதன்று. யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த தேறலைப் பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன் பருகுவதை நக்கீரர் புறநானூற்றின் 56 ஆம் பாடலில் குறிப்பிடுகின்றார். வைகையின் முகத்துவாரத்தை அடுத்த அழகன்குளத்தில் நடந்த அகழாய்வுகளில் உரோமானியக் காசுகளும் ஆம்போரா என்னும் மதுச்சாடிகளின் உடைந்த பகுதிகளும் கிடைத்துள்ளன. அக்காலத்தில் மது இறக்குமதியானதற்குச் சான்று உண்டு. ஆனால் வைகைக் கரையில் திராட்சை பயிரிடப்பட்டது என்பதற்கு இவை சான்றாக மாட்டா.

இன்றைய திராட்சைச் சாகுபடி 1832 ஆம் ஆண்டளவில் தொடங்கியதாகக் கூறப்படுகின்றது. தமிழ்நாட்டில் சேலம், மதுரை மாவட்டங்களில் அக்காலத்தில் திராட்சை அறிமுகமானது என்றும், அதனைக் கொண்டு வந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்றும் குறிப்புகள் உள்ளன. அன்றைய மதுரை மாவட்டத்தில் கம்பம் பள்ளத்தாக்கும் அடங்கியிருந்தது. தேனி தனி மாவட்டமானது 1996 இல் ஆகும்.

இக்குறிப்பைப் பன்னீர் திராட்சையுடன் நேரடியாகப் பொருத்துவதில் ஒரு காலச் சிக்கல் உள்ளது. மஸ்கட் ஆம்பர்க் என்பது 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் உருவாக்கப்பட்ட ஒரு கலப்பினம். 1832 இல் அது இருந்திருக்க முடியாது. எனவே பாதிரியார் கொண்டு வந்தது வேறு வகைத் திராட்சையாகவும், பன்னீர் திராட்சை அதன் பிறகே இங்கு வந்து மற்ற வகைகளின் இடத்தைப் பிடித்ததாகவும் கொள்வதே பொருத்தமாகும்.

மஸ்கட் ஆம்பர்க் வகை

மஸ்கட் ஆம்பர்க், அலெக்சாந்திரியா மஸ்கட் என்னும் வெள்ளைத் திராட்சைக்கும் சியாவா குரோசா என்னும் கறுப்புத் திராட்சைக்கும் பிறந்ததாகும். சியாவா குரோசா கறுப்பு ஆம்பர்க் என்றும் அழைக்கப்படும். இலண்டனை அடுத்த ஆம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1768 இல் நடப்பட்டு இன்றும் காய்க்கும் பெருங்கொடி அவ்வகையைச் சேர்ந்தது. நறுமணம் ஒரு பெற்றோரிடம் இருந்தும், கருநிறம் மற்றொன்றிடம் இருந்தும் பன்னீர் திராட்சைக்குக் கிடைத்தன.

இதன் பழங்கள் உருண்டை அல்லது சற்றே நீள் வடிவமும் கருஞ்சிவப்பு முதல் கருநீலம் வரையிலான நிறமும் விதைகளும் கொண்டவை. ஒரே குலையில் சில பழங்கள் சிறுத்து நின்றுவிடுவதும், சில பழங்கள் பச்சையாகவே இருக்க மற்றவை பழுத்துவிடுவதும் இவ்வகையின் அறியப்பட்ட குறைகள். விதை இருப்பதால் உலர்திராட்சைக்கு இது ஏற்றதன்று.

சாகுபடி முறை

ஐரோப்பாவில் திராட்சைக் கொடி குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்குகின்றது. இளவேனிலில் துளிர்த்து, இலையுதிர் காலத்தில் ஆண்டுக்கு ஒரு முறை பலன் தருகின்றது. கம்பம் பள்ளத்தாக்கில் கொடியை உறங்கச் செய்யும் குளிர் இல்லை. ஆகவே துளிர்ப்பதற்கான குறிப்பைக் கொடிக்குத் தருவது பருவம் அன்று. உழவரின் கத்தரிக்கோலே ஆகும். கவாத்து செய்த நாளில் இருந்து ஏறத்தாழ 4 மாதங்களில் அறுவடை வருகின்றது.

பொதுவாகக் கோடை அறுவடைக்கு மார்கழி, தை மாதங்களிலும், இரண்டாம் அறுவடைக்கு மே, சூன் மாதங்களிலும் கவாத்து செய்யப்படுகின்றது. முதலாவது ஏப்பிரலிலும் அடுத்தது ஆகத்து, செப்டம்பரிலும் பலன் தரும். நன்கு பராமரிக்கப்படும் தோட்டங்களில் 2 ஆண்டுகளில் 5 அறுவடைகள் எடுப்பதும் உண்டு. 24 மாதங்களில் 5 அறுவடை என்றால் ஒவ்வொன்றுக்கும் 5 மாதங்களுக்குச் சற்றுக் குறைவான காலமே கிடைக்கின்றது. அறுவடைக்கும் அடுத்த கவாத்துக்கும் இடையே கொடிக்குக் கிடைக்கும் ஓய்வு சில வாரங்களே. வெவ்வேறு தோட்டத்தார் வெவ்வேறு நாள்களில் கவாத்து செய்வதால் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் எங்கேனும் பழம் அறுவடையாகிக் கொண்டிருக்கும்.

சாகுபடியின் முக்கியக் கூறுகள் பின்வருமாறு:

- நடவு: வேர்விட்ட குச்சிகள் சூன், சூலை மாதங்களில் நடப்படுகின்றன. பன்னீர் திராட்சைக்கு 3 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளி பரிந்துரைக்கப்படுகின்றது. அதாவது எக்டேருக்கு ஏறத்தாழ 1,660 கொடிகள்.
- பந்தல்: கல் தூண்களை நட்டுக் கம்பிகளை வலையாகப் பின்னி, ஆள் உயரத்துக்கு மேல் பந்தல் அமைக்கப்படுகின்றது. ஒற்றைத் தண்டாக வளர்க்கப்படும் கொடி பந்தலை எட்டியதும் நுனி கிள்ளப்பட்டுப் பக்கங்களில் படரவிடப்படுகின்றது. குலைகள் இலைகளின் நிழலில் தொங்குவதால் வெயிலில் வெதும்புவதில்லை.
- கவாத்து: காய்க்க வேண்டிய கிளைகள் 4 அல்லது 5 மொட்டுகள் விடப்பட்டு வெட்டப்படுகின்றன.
- விளைச்சல்: தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் குறிப்புகளின்படி பன்னீர் திராட்சை எக்டேருக்கு ஆண்டுக்கு 30 டன்னும், விதையில்லா வகைகள் 15 டன்னும் தரும்.

இப்பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இராயப்பன்பட்டியை அடுத்த ஆனைமலையன்பட்டியில் இயங்குகின்றது.

நோய்களும் பிரெஞ்சுத் தொடர்பும்

அடிச்சாம்பல் நோய், சாம்பல் நோய், பறவைக்கண் நோய் ஆகியவை இங்குள்ள முக்கிய நோய்கள். இலைப்பேன், மாவுப்பூச்சி, நூற்புழு ஆகியவையும் இழப்பை உண்டாக்குகின்றன. பூக்கும் காலத்திலும் பழுக்கும் காலத்திலும் பெய்யும் மழையே பெரும் தீங்கு விளைவிப்பது. பழுத்த பழத்தின் மீது மழை பெய்தால் தோல் வெடித்து, குலை முழுவதும் அழுகிவிடும். 4 மாத உழைப்பு ஓரிரு நாள்களில் வீணாவது இப்பயிரில் அரிதன்று.

அடிச்சாம்பல் நோய்க்குத் தெளிக்கப்படும் போர்டோ கலவை பிரான்சின் போர்தோ பகுதியில் தோன்றியது. அமெரிக்காவில் இருந்து பிரான்சுக்குப் பரவிய இந்நோய் 1878 இல் அங்கு கண்டறியப்பட்டது. சாலையோரக் கொடிகளில் வழிப்போக்கர் பழம் பறிக்காமல் இருப்பதற்காக மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து பூசப்பட்டிருந்ததையும், அக்கொடிகளை நோய் தாக்காததையும் மில்லார்டே என்னும் தாவரவியலாளர் கவனித்தார். அவரது ஆய்வு முடிவு 1885 இல் வெளியானது.

வேர்த்தண்டிலும் இத்தகைய தொடர்பு உள்ளது. 1860களில் ரோன் ஆற்றின் தென்பகுதியில் முதலில் காணப்பட்ட பில்லாக்சரா என்னும் வேர்ப்பூச்சி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களில் பெரும்பாலானவற்றை அழித்தது. பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடிகளின் வேர்த்தண்டில் பிரெஞ்சு வகைகளை ஒட்டுக்கட்டியதன் மூலமே அவை மீண்டன. இந்தியாவில் உவர் நீரையும் வறட்சியையும் நூற்புழுக்களையும் தாங்குவதற்காகப் பயன்படும் டாக்ரிட்சு என்னும் வேர்த்தண்டும் அமெரிக்காவின் டெக்சாசுப் பகுதிக் கொடியில் இருந்து தெரிவு செய்யப்பட்டதே.

ரோன் பள்ளத்தாக்குடன் ஒப்பீடு

ரோன் ஆறு சுவிட்சர்லாந்தின் பனியாற்றில் தோன்றி, 800 கிலோமீட்டருக்கு மேல் ஓடி மத்தியதரைக் கடலில் கலக்கின்றது. அதன் வடபகுதியில் செங்குத்தான சரிவுகளில் சிரா என்னும் கறுப்புத் திராட்சையும், வியோனியே என்னும் வெள்ளைத் திராட்சையும் பயிராகின்றன. தென்பகுதியில் கிரெனாசு முதன்மையானது. அங்கு பல வகைகளைக் கலந்து செம்மது ஆக்குவது மரபு. போம்-தெ-வெனீசு என்னும் ஊரில் சிறுமணி மஸ்கட் திராட்சையில் இருந்து இன்மது செய்யப்படுகின்றது. சாறு நொதித்துக் கொண்டிருக்கும்போதே சாராயத்தைச் சேர்த்து நொதித்தலை நிறுத்துவதால் எஞ்சிய சர்க்கரை அப்படியே தங்கிவிடும்.

கம்பத்தின் அதே மஸ்கட் ஆம்பர்க் வகையும் ரோன் பகுதியில் உள்ளது. வாந்தூ மலையின் அடிவாரத்தில் விளையும் வாந்தூ மஸ்கட் என்னும் பழத்துக்குப் பிரான்சு அரசு 1997 இல் தோற்ற இடக் குறியீட்டை வழங்கியது. மது நாடெனப் பெயர் பெற்ற பிரான்சிலும் அது உண்ணும் பழமாகவே விற்கப்படுகின்றது என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

இரு பள்ளத்தாக்குகளுக்கும் உள்ள பெரிய வேறுபாடு விளைச்சல் அளவாகும். தென் ரோனின் சாத்தோநெஃப்-து-பாப் பகுதியில் எக்டேருக்கு 35 எக்டோலிட்டர் மது மட்டுமே அனுமதிக்கப்பட்டுள்ளது. இதற்கு 5 டன்னுக்கும் குறைவான பழமே தேவை. கம்பத்தின் 30 டன்னுடன் ஒப்பிட்டால் இது ஆறில் ஒரு பங்கு. குறைந்த பழத்தில் சர்க்கரையும் நிறமும் மணமும் செறிவாக இருக்கும். பழமாக விற்பவருக்கு எடை வேண்டும். மது செய்பவருக்குச் செறிவு வேண்டும். ஒரே தோட்டம் இரண்டையும் தர இயலாது.

மது உற்பத்திக்கான தகுதி

ஒரு லிட்டர் சாற்றில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை நொதித்தால் 1 விழுக்காடு மதுசாரம் உண்டாகும். 12 விழுக்காட்டு மதுவுக்கு லிட்டருக்கு 200 கிராமுக்கு மேல் சர்க்கரை தேவை. மேலும் வெப்பமான இரவுகளில் பழத்தின் அமிலம் குறைந்துவிடுவதால் மது சப்பென்று ஆகும். நொதிகலன்களையும் குளிர்விக்க வேண்டும். இவை தடைகளே எனினும் கடக்க இயலாதவை அல்ல.

மஸ்கட் ஆம்பர்க்கில் இருந்து செய்யத்தக்க மது வகைகள்:

- உலர் வெண்மது: தோலை நீக்கிச் சாற்றை மட்டும் நொதிக்கச் செய்வது. சீனாவின் தியான்சினில் 1980 இல் பிரெஞ்சுக் கூட்டுறவுடன் தொடங்கப்பட்ட நிறுவனம் இவ்வகையில் வெண்மது செய்து புகழ்பெற்றது.
- இளஞ்சிவப்பு மது: தோலுடன் சில மணி நேரம் மட்டும் ஊறவைப்பது.
- இன்மது: போம்-தெ-வெனீசு முறையில் செய்வது. கலிபோர்னியாவில் கறுப்பு மஸ்கட் என்ற பெயரில் இவ்வகை மது உண்டு.

தோலின் நிறப்பொருள் குறைவாதலால் அடர்த்தியான செம்மதுவுக்கு இவ்வகை ஏற்றதன்று.

சட்டப் பின்னணி

இந்திய அரசியலமைப்பின்படி மது மாநிலப் பட்டியலில் உள்ளது. சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு 1937 இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கி 1948 இல் மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. தமிழ்நாட்டில் 1971 இல் தளர்த்தப்பட்டு 1974 இல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. 2003 முதல் மதுச் சில்லறை விற்பனை அரசின் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகத்தின் வசம் உள்ளது. மகாராட்டிரம் 2001 இலும், கருநாடகம் 2007 இலும் திராட்சை மதுவுக்கெனத் தனிக் கொள்கைகளை வகுத்தன. கோதாவரியின் தோற்றுவாயை அடுத்த நாசிக் இன்று இந்தியாவின் முதன்மை மதுப் பகுதியாக விளங்குகின்றது. கம்பம் பள்ளத்தாக்கில் அத்தகைய வளர்ச்சி ஏற்படவில்லை.

சந்தையும் பொருளாதாரமும்

குமுளி வழியாகக் கேரளத்துக்கும், தேனி வழியாக மதுரை முதலிய நகரங்களுக்கும் பழம் சரக்குந்துகளில் செல்கின்றது. மதுரையில் மாட்டுத்தாவணிச் சந்தையில் இருந்து செல்லூர் போன்ற குடியிருப்புப் பகுதிகளின் தள்ளுவண்டிகள் வரை பன்னீர் திராட்சை விற்கப்படுகின்றது. பழச்சாற்றுக் கடைகளிலும் இது மிகுதியாகப் பயன்படுகின்றது.

ஆண்டு முழுவதும் விளைவது கம்பத்தின் வலிமை. மகாராட்டிரத் திராட்சை சனவரி முதல் ஏப்பிரல் வரை சந்தையை நிறைக்கும்போது இங்கும் விலை வீழ்கின்றது. மற்ற மாதங்களில் போட்டி குறைவு. ஆனால் பன்னீர் திராட்சை பறித்தபின் நெடுநாள் தாங்காது. விலை வீழ்ந்த நாளில் உலர்த்தவும் இயலாது. மது ஆலைக்கு அனுப்பும் வாய்ப்பும் குறைவு. கொடியிலேயே விடுவதும் இயலாது. அடுத்த கவாத்து தள்ளிப்போகும். ஆகவே வாங்குவோர் சொன்ன விலைக்கே விற்க நேரிடுகின்றது. குளிர்பதனக் கிடங்குகளும் பழச்சாறு ஆலைகளும் வேண்டும் என்பது இப்பகுதி உழவர்களின் நெடுநாளைய கோரிக்கை.

புவிசார் குறியீடு

2023 இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது வெளியான தகவல்களின்படி, தமிழ்நாட்டின் திராட்சைப் பரப்பில் ஏறத்தாழ 85 விழுக்காட்டில் பன்னீர் திராட்சையே பயிராகின்றது. கம்பம் பகுதியில் 10 ஊர்களில் ஏறத்தாழ 2,000 ஏக்கரில் இது விளைகின்றது. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, இராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி ஆகியவை திராட்சைக்கு அறியப்பட்ட ஊர்கள்.

மதுரை மல்லி 2013 இல் இதே குறியீட்டைப் பெற்றது. குறியீடு பெயரைக் காக்குமேயன்றி விலையை உறுதி செய்யாது. வேறிடத்தில் விளைந்த பழத்தைக் கம்பம் பெயரில் விற்பதைத் தடுக்க மட்டுமே அது உதவும். வாந்தூ மஸ்கட்டின் குறியீட்டில் விளையும் எல்லையுடன், பழத்தின் சர்க்கரை அளவு, குலையின் தோற்றம் ஆகியவற்றுக்கும் விதிகள் உள்ளன. அத்தகைய தர விதிகளுடன் சேரும்போதே குறியீடு உழவருக்கு முழுப் பயன் தரும்.

இவற்றையும் பார்க்க

- முல்லைப் பெரியாறு அணை
- வைகை ஆறு
- தேனி மாவட்டம்
- புவிசார் குறியீடு
- மதுரை மல்லி